தென் கொரியாவுக்குச் சொந்த அணுகுண்டு வேண்டுமா? சியோலுக்கு முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

அணு ஆயுதம் இல்லாத ஒரு நாடு அதைப் பெறலாமா என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். கூடவே கூடாது என்பார்கள் சிலர். சிலரிடம் மட்டும் இருக்கலாம், மற்றவர்களுக்கு ஏன் மறுக்க வேண்டும் என்பார்கள் வேறு சிலர். இதை ஒரு நாட்டின் மேல் வைத்துப் பார்த்தால்தான் ஏதாவது தெளியும் என்று நினைக்கிறேன். அதற்குத் தென் கொரியாவை எடுத்துக்கொள்கிறேன். அணுகுண்டு வேண்டும் என்று கேட்க மிக வலுவான காரணம் வைத்திருக்கும் நாடுகளில் அது ஒன்று. அங்கேயே கணக்கு இடித்தால், மற்ற இடங்களில் நேராவது இன்னும் கஷ்டம்.

காரணம் என்ன என்று முதலில் பார்ப்போம். வட கொரியா 2003-ல் அணு ஆயுதப் பரவல் தடுப்பு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறியது. 2006 முதல் 2017 வரை புங்கியே-ரி மலைக்கு அடியில் ஆறு முறை குண்டு வெடித்துப் பார்த்தது. இன்று அதன் கையில் சுமார் 50 அணுகுண்டுகள் இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் மதிப்பீடு. 2022 செப்டம்பரில் ஒரு சட்டமும் போட்டார்கள். தலைமைக்கு ஆபத்து நெருங்குகிறது என்று பட்டாலே முந்திக்கொண்டு அணு ஆயுதத்தைப் பயன்படுத்தலாம் என்று அது இடம் கொடுக்கிறது. சியோலிலிருந்து எல்லைக் கோடு ஏறக்குறைய 50 கிலோமீட்டர், சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் உள்ள தூரம். அந்தத் தலைநகரிலும் அதைச் சுற்றியும் 2.6 கோடி பேர் வாழ்கிறார்கள். நாட்டின் மக்கள்தொகையில் அது பாதி.

2022 பிப்ரவரியில் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில் தென் கொரியர்களில் 71 சதவீதம் பேர் நாடு சொந்தமாக அணு ஆயுதம் செய்ய வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு வந்த பல கணிப்புகளிலும் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. இதை வெறும் வீராப்பு என்று நான் தள்ள மாட்டேன். 50 கிலோமீட்டரில் அப்படி ஒரு அண்டை வீட்டுக்காரர் இருந்தால் நாமும் அதைத்தான் கேட்போம்.

சியோலில் பேசப்படும் வழிகள் நான்கு. அமெரிக்காவின் அணு ஆயுதக் குடைக்குக் கீழே (உன்னைத் தாக்கினால் என் அணு ஆயுதத்தோடு வந்து காப்பேன் என்ற வாக்கு அது) இப்போது இருப்பதுபோலவே இருந்து, அந்தக் குடையை இறுக்கிப் பிடிப்பது ஒன்று. 1991-ல் போன அமெரிக்க அணுகுண்டுகளைத் திரும்பக் கொண்டுவந்து தென் கொரிய மண்ணில் வைப்பது இரண்டாவது. குண்டு செய்யாமல், தேவைப்பட்டால் சீக்கிரம் செய்துவிடக்கூடிய நிலையில் வாசலில் நிற்பது மூன்றாவது. சொந்தமாகச் செய்தே விடுவது நான்காவது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான்காவது வழி தென் கொரியாவுக்கு நல்லதல்ல. இரண்டாவதில் பெரிய லாபம் இல்லை. யோசிக்க வேண்டிய உண்மையான தேர்வு முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கிறது.

யோன்பியோங் தீவை வைத்து ஒரு சோதனை

இந்த வழிகளை எடைபோட எனக்கு ஒரு தேதி உதவுகிறது: 2010 நவம்பர் 23. யோன்பியோங் மஞ்சள் கடலில் உள்ள சின்னத் தீவு, நண்டுக்குப் பேர்போனது. வட கொரியக் கரை அங்கிருந்து 12 கிலோமீட்டர்தான். அன்று பிற்பகல் அந்தத் தீவின் மேல் வட கொரியப் பீரங்கிகளிலிருந்து ஏறத்தாழ 170 குண்டுகள் வந்து விழுந்தன. இரண்டு கடற்படைத் தரைப்படை வீரர்களும், கட்டுமான வேலைக்கு வந்திருந்த இரண்டு பேரும் செத்துப்போனார்கள். வீடுகள் எரிந்தன. தென் கொரியா பதிலுக்கு 80 குண்டுகள் சுட்டது. தீவு மக்களில் பெரும்பாலோர் படகேறி இன்சியோன் நகருக்குப் போய், அங்கே ஒரு பொதுக் குளியல் கூடத்தின் தரையில் போர்வை விரித்துத் தங்கினார்கள். அதே ஆண்டு மார்ச்சில்தான் சியோனான் என்ற போர்க்கப்பல் பிளந்து மூழ்கி 46 மாலுமிகள் இறந்திருந்தார்கள்.

கடந்த பல ஆண்டுகளில் தென் கொரியர்களைக் கொன்றது இந்த மாதிரியான அடிதான். அதனால் ஒவ்வொரு வழியையும் பார்த்து மூன்று கேள்விகள் கேட்கிறேன். இது இருந்திருந்தால் யோன்பியோங் நடந்திருக்காதா? பெரிய ஆபத்து வரும் நாளில் வட கொரியத் தலைநகர் பியோங்யாங் இதை நம்பிப் பயப்படுமா? இந்த வழிக்குப் போய்ச் சேரும் வரை நடுவில் என்ன ஆகும்? மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்காமல் விடுகிறார்கள்.

குடை எவ்வளவு நம்பகமானது?

தென் கொரியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே 1953 அக்டோபரில் கையெழுத்தான பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. 28,500 அமெரிக்க வீரர்கள் அங்கே இருக்கிறார்கள். சியோலுக்குத் தெற்கே பியோங்டேக்கில் உள்ள ஹம்ஃப்ரீஸ் முகாமில் அவர்களில் பலர் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். அணு ஆயுதத்தைக் கைவிட்ட உக்ரைன் பிறகு தாக்கப்பட்டதே என்று உதாரணம் காட்டுபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் உக்ரைனுக்குக் கிடைத்தது உறுதிமொழிக் காகிதம் மட்டும்தான். யாரும் வந்து கூட நின்று சண்டை போடுவோம் என்று எழுதிக் கொடுக்கவில்லை, ஒரு படைப்பிரிவும் அங்கே நிறுத்தப்படவில்லை.

ஆனாலும் சியோலின் சந்தேகம் நியாயமானது. பாரிஸைக் காப்பாற்ற நியூயார்க்கை இழக்க அமெரிக்கா தயாரா என்று 1960-களில் பிரான்ஸ் கேட்ட கேள்வியைத்தான் கொரியர்கள் ஊர் பெயர் மாற்றிக் கேட்கிறார்கள். 2017-ல் வட கொரியா கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளைச் சோதித்தது. அதற்கு முன் இது ஏட்டளவுக் கேள்வி. அதற்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் உண்மையிலேயே குறிக்குள் வந்துவிட்டது. அதோடு அமெரிக்க அரசியலும் சேர்ந்துகொண்டது. டிரம்ப் 2016 தேர்தல் பிரசாரத்திலேயே ஜப்பானும் தென் கொரியாவும் சொந்த அணுகுண்டு வைத்துக்கொண்டால் என்ன என்ற தொனியில் பேசினார். 2019-ல் படைகளுக்கான செலவாக ஆண்டுக்கு 500 கோடி டாலர் கேட்டார். 2024 ஜூனில் ரஷ்யாவும் வட கொரியாவும் ஒருவருக்கொருவர் ராணுவ உதவி செய்வதாக ஒப்பந்தம் போட்டன. சில மாதங்களில் வட கொரிய வீரர்கள் உக்ரைனோடு சண்டை நடந்த ரஷ்யாவின் குர்ஸ்க் போர்முனைக்கே போய்விட்டார்கள்.

இந்தச் சந்தேகத்தைத் தணிக்கத்தான் 2023 ஏப்ரல் 26-ல் வாஷிங்டன் பிரகடனம் வந்தது. அணு ஆயுதம் பற்றிய திட்டமிடலில் தென் கொரியாவுக்கும் ஓர் இருக்கை தரும் ஆலோசனைக் குழு ஒன்று அமைந்தது. அந்தக் குழு ஜூலையில் சியோலில் முதல்முறை கூடிய நாளில், அணு ஏவுகணை சுமக்கும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் கென்டக்கி பூசான் துறைமுகத்துக்கு வந்து நின்றது. அந்த வகைக் கப்பல் கொரியாவுக்கு வந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பதிலுக்குத் தென் கொரியா பரவல் தடுப்பு ஒப்பந்தத்தை மதிப்பதாக மறுபடி உறுதி கொடுத்தது.

யோன்பியோங் கேள்விக்கு இந்தக் குடையிடம் பதில் இல்லை. 2010-லும் குடை இருந்தது. இரண்டாவது கேள்விக்கு, பாதி நம்பிக்கை என்றுதான் சொல்ல முடியும். ஆனால் எதிராளிக்கும் அதே கணக்குதான். அமெரிக்கா வரவே வராது என்று அடித்துச் சொல்ல கிம் ஜோங் உன்னாலும் முடியாது, தப்பாகிவிட்டால் அவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. மூன்றாவது கேள்வியில் இந்த வழி நன்றாகவே தேறுகிறது. புதிதாக எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை, இடைக்கால ஆபத்தும் இல்லை.

அமெரிக்க குண்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தால்?

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம், ஏனென்றால் இது ஏற்கனவே செய்து பார்த்த வழி. 1958-லிருந்து 1991 வரை அமெரிக்க அணு ஆயுதங்கள் தென் கொரிய மண்ணில் இருந்தன. 1967 வாக்கில் எண்ணிக்கை சுமார் 950-ஐத் தொட்டது. அதற்கு அடுத்த வருடம், 1968 ஜனவரி 21 இரவு, வட கொரியாவின் 31 பேர் கொண்ட கமாண்டோ குழு மலை வழியாக இறங்கிவந்து அதிபர் மாளிகைக்குச் சில நூறு மீட்டர் தூரம் வரை வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அமெரிக்கக் கடற்படையின் புவெப்லோ கப்பலையே வட கொரியா பிடித்துக்கொண்டு போனது. 950 குண்டுகள் பக்கத்திலேயே இருந்தும் இதில் எதையும் அவை தடுக்கவில்லை.

இன்று ஐரோப்பாவில் பெல்ஜியம், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, துருக்கி நாடுகளில் அமெரிக்க குண்டுகள் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் சாவி அமெரிக்க அதிபரிடம்தான். கொரியாவிலும் அதேதான் நடக்கும். வாஷிங்டன் கைவிட்டுவிடுமோ என்பதுதான் பயம் என்றால், வாஷிங்டன் சாவியை வைத்திருக்கும் குண்டு அந்தப் பயத்தைத் தீர்க்காது. அது இருக்கும் விமானத் தளம் எதிரியின் முதல் குறியாகவும் ஆகிவிடும். கடலுக்கு அடியில் எங்கே இருக்கிறது என்று தெரியாத கப்பல் இதைவிட மேல்.

இன்னொன்றும் உண்டு, இடம். 2016-ல் தாட் என்ற ஏவுகணை எதிர்ப்பு அமைப்பை சொங்ஜு மாவட்டத்தில் வைக்கப் போவதாக அரசு அறிவித்தது. தாட் ஒரு தற்காப்பு ஏற்பாடு, வரும் ஏவுகணையை வானிலேயே அடிப்பது. சொங்ஜு மஞ்சள் நிற முலாம்பழத்துக்குப் பேர்போன ஊர். சமாதானம் சொல்லப் போன பிரதமர் மேல் விவசாயிகள் முட்டையும் தண்ணீர் பாட்டிலும் வீசினார்கள். அவர் ஏறிய வாகனம் பல மணி நேரம் நகர முடியவில்லை. தற்காப்புக் கருவிக்கே இந்த எதிர்ப்பு என்றால், அணுகுண்டுக் கிடங்கை எந்த மாவட்டம் ஏற்கும்?

சொந்தமாகச் செய்தால்

இதில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். தென் கொரியாவுக்கு இது புது யோசனை அல்ல. ஆசிய நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1969-ல் நிக்சன் சொன்னார். 1971-ல் ஒரு முழுப் படைப்பிரிவு, ஏறக்குறைய 20,000 பேர், கொரியாவை விட்டுக் கிளம்பியது. அதிபர் பார்க் சுங் ஹீ ரகசியமாக அணுகுண்டுத் திட்டம் தொடங்கினார். எரிந்த அணு எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரிக்கும் ஆலையை பிரான்ஸிடம் வாங்கப் பேச்சு நடந்தது. 1974-ல் பொக்ரானில் இந்தியா குண்டு வெடித்தது. அதன் பிறகு அமெரிக்கா இந்த மாதிரி விற்பனைகளைக் கழுகுக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தது, சியோலின் திட்டமும் வெளிச்சத்துக்கு வந்தது. கூட்டணியே முறியும் என்ற அளவுக்கு அழுத்தம் வந்தது. 1975-ல் தென் கொரியா பரவல் தடுப்பு ஒப்பந்தத்தை உறுதிசெய்தது, 1976 தொடக்கத்தில் பிரெஞ்சு ஆலைத் திட்டம் கைவிடப்பட்டது.

சொந்த குண்டுக்கு ஆதரவான வாதங்களை அதன் முழு பலத்தோடு சொல்ல வேண்டும். சாவி சியோலிலேயே இருக்கும், லாஸ் ஏஞ்சல்ஸ் கேள்வி எழாது. ஆயுதத் திட்டத்தைக் கைவிட்ட கடாஃபி 2011-ல் என்ன ஆனார் என்று எல்லோரும் பார்த்தார்கள். 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானின் அணு ஆலைகளைத் தாக்கின. குண்டு செய்து முடித்த வட கொரியாவை யாரும் அப்படித் தாக்கவில்லை. இந்தப் பாடத்தைச் சியோலில் உள்ளவர்கள் படிக்காமல் இருப்பார்களா? எனக்கே இந்த வாதம் கனமாகத்தான் படுகிறது.

ஆனால் ஈரான் உதாரணம் எதிர்ப்பக்கமும் வெட்டுகிறது. அடி விழுந்தது, குண்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நாட்டின் மேல்தான். தென் கொரியா குண்டு செய்ய முடிவெடுத்தால் முதலில் பரவல் தடுப்பு ஒப்பந்தத்தின் 10-வது பிரிவின்படி மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்களை வெளியே அனுப்ப வேண்டும். அதன் பிறகு குண்டின் மூலப்பொருளுக்காகப் புளூட்டோனியம் பிரிக்கவோ யுரேனியத்தைச் செறிவூட்டவோ ஆலை கட்ட வேண்டும். இன்று அந்த இரண்டும் அங்கே இல்லை. 1992-ல் வட கொரியாவோடு போட்ட கூட்டுப் பிரகடனத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று ஒப்புக்கொண்டு, தென் கொரியா அப்படிப்பட்ட ஆலைகளைக் கட்டாமலும் இருந்திருக்கிறது. குண்டு, ஏவுகணை முனை, அதை எதிரி முதல் அடியில் அழிக்காமல் மறைத்து வைக்கும் வழி என எல்லாம் தயாராகும் வரை எல்லையில் 50 குண்டுகளோடு ஒருவர் காத்திருக்கிறார். அந்த இடைவெளியில் அமெரிக்கக் குடை விலகியிருந்தால், தென் கொரியா தன் வரலாற்றிலேயே மிக நிராதரவான நிலையில் நிற்கும்.

சோதனையை எங்கே செய்வது? பாலைவனம் இல்லாத, நெருக்கமாக மக்கள் வாழும் நாடு. 2003-ல் பூவான் மாவட்டத்தின் ஒரு தீவில் அணுக்கழிவு வைக்கும் திட்டத்துக்கே மாதக்கணக்கில் ஊரே கொந்தளித்து, கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு முறைகூட வெடித்துப் பார்க்காத குண்டு எதிரியின் மனதில் எந்த அளவுக்குப் பயத்தை உண்டாக்கும் என்பதற்கு யாரிடமும் உறுதியான பதில் இல்லை.

வியாபாரத்துக்கு வருவோம். ஏற்றுமதியை நம்பி வாழும் நாடு அது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்வந்தவர்களுக்குக் கொரியத் தொழில்களின் கை எவ்வளவு நீளம் என்று தெரியும். தாட் வைத்ததற்கே சீனா என்ன செய்தது? அந்த இடம் லோட்டே நிறுவனத்தின் கோல்ஃப் மைதானமாக இருந்தது. சீனாவில் லோட்டேக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. தீயணைப்பு விதி சரியில்லை என்பது போன்ற காரணங்களைச் சொல்லி அவற்றில் பெரும்பாலானவற்றை மூடவைத்தார்கள். கடைசியில் லோட்டே அந்தக் கடைகளை விற்றுவிட்டு வெளியேறியது. 2016-ல் சுமார் 80 லட்சமாக இருந்த சீனச் சுற்றுலாப் பயணிகள் அடுத்த ஆண்டில் ஏறக்குறைய பாதியானார்கள். ஒரு தற்காப்பு ரேடாருக்கு இந்த விலை.

எரிபொருள் இன்னும் பெரிய பிரச்சினை. நாட்டின் மின்சாரத்தில் சுமார் 30 சதவீதம் அணு உலைகளிலிருந்து வருகிறது. அவற்றுக்கு வேண்டிய யுரேனியம் முழுவதும் வெளியிலிருந்து வருகிறது. ஆயுதம் செய்ய மாட்டேன் என்ற வாக்கின் பேரில்தான் அந்த வியாபாரம் எல்லாம் நடக்கிறது. வாக்கு முறிந்தால் விற்பவர்கள் நிறுத்திவிடுவார்கள்.

இந்த இடத்தில் நம்மூர் வாசகர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். இந்தியா 1998-ல் வெடித்தது, தடைகள் வந்தன, சமாளித்தோம், 2008-ல் உலகமே இறங்கிவந்து விலக்குக் கொடுத்தது. கொரியாவுக்கு மட்டும் ஏன் முடியாது? நேர்மையான கேள்வி இது. முதல் வித்தியாசம், இந்தியா பரவல் தடுப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. அதனால் முறிக்கவும் இல்லை. தென் கொரியா கையெழுத்துப் போட்டு, அதன் பலனாக வந்த தொழில்நுட்பத்தில் தன் அணுமின் துறையையே கட்டி, இன்று உலைகளை வெளிநாட்டுக்கு விற்கவும் செய்கிறது. இரண்டாவது, இந்தியா கொடுத்த விலையை நாம் சீக்கிரம் மறந்துவிட்டோம். 1974-க்குப் பிறகு 30 ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டு அணு வியாபாரம் பெருமளவு அடைபட்டிருந்தது. 2008 விலக்குக்கு முந்தைய ஆண்டுகளில் யுரேனியம் போதாமல் நம் உலைகள் பல பாதித் திறனில் ஓடின. அணு மின்சாரம் நமக்கு மொத்தத்தில் சிறு பங்கு என்பதால் அது வீட்டு விளக்குகளில் தெரியவில்லை. கொரியாவில் தெரியும்.

மூன்றாவது வித்தியாசம் பாதுகாப்பைப் பற்றியது, எனக்கு இதுதான் முக்கியம். 1998 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் குண்டு வெடித்தன. சரியாக ஒரு வருடத்தில் கார்கில் போர் வந்தது. இந்தியத் தரப்பில் மட்டும் 527 வீரர்கள் இறந்தார்கள். இரு பக்கமும் குண்டு இருந்தது சண்டை முழுப் போராக விரியாமல் தடுத்திருக்கலாம். மலையேறி வந்து உட்காருவதை அது தடுக்கவில்லை. சொல்லப்போனால், பெரிய போராக மாறாது என்ற தைரியம்தான் சின்ன அடிக்கு இடம் கொடுக்கிறது. அதன் பிறகும் எத்தனை முறை எல்லை பற்றியெரிந்தது, 2025 மே வரை பார்த்துவிட்டோம். யோன்பியோங் கேள்விக்கு இதுதான் பதில். சியோலிடம் அணுகுண்டு இருந்திருந்தாலும் அந்த 170 பீரங்கிக் குண்டுகள் விழுந்திருக்கும். நான்கு பேர் செத்ததற்குப் பதிலாக அணுகுண்டு போடுவோம் என்று சியோல் சொன்னால் பியோங்யாங் நம்பாது, உலகமும் நம்பாது.

பொத்தான் யார் கையில் என்ற கேள்வியும் இருக்கிறது. 2023 ஜனவரியில், நிலைமை மோசமானால் நாமே அணு ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகப் பேசியவர் அதிபர் யூன் சுக் இயோல். அதே யூன் 2024 டிசம்பர் 3 இரவு திடீரென்று தொலைக்காட்சியில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்றத்துக்குள் சிப்பாய்கள் புகுந்தார்கள். உறுப்பினர்கள் மதில் ஏறிக் குதித்து உள்ளே போய், நள்ளிரவு தாண்டி 190 பேர் ஒருமனதாக வாக்களித்து அதை ரத்து செய்யக் கேட்டார்கள். விடிவதற்குள் அது முடிவுக்கு வந்தது, 2025 ஏப்ரலில் அவர் பதவி இழந்தார். அந்த மக்களையும் அந்த உறுப்பினர்களையும் நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் அணு ஆயுதக் கட்டளையும் அதே ஒருவரிடம் இருந்திருந்தால் அண்டை நாடுகள் அதை எப்படிப் பார்த்திருக்கும்? வட கொரியா எந்தக் கணக்கைப் போட்டிருக்கும்?

குண்டை ஆதரிக்கும் 71 சதவீதத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஹப்சொன் நினைவுக்கு வருகிறது. தென்கிழக்கில் உள்ள அந்தச் சிறிய ஊரை கொரியாவின் ஹிரோஷிமா என்கிறார்கள். ஜப்பானிய ஆட்சியில் பிழைப்புக்காகவும் கட்டாய வேலைக்காகவும் ஹிரோஷிமாவுக்குப் போன கொரியர்களில் நிறையப் பேர் அந்த வட்டாரத்துக்காரர்கள். 1945 ஆகஸ்டில் குண்டு விழுந்தபோது அவர்களும் எரிந்தார்கள். பிழைத்தவர்களுக்கான காப்பகம் ஒன்று 1996 முதல் ஹப்சொனில் இருக்கிறது. ஹிரோஷிமாவில் இறந்த கொரியர்களுக்கான நினைவுத்தூண் பல ஆண்டுகள் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது, 1999-ல்தான் உள்ளே இடம் கிடைத்தது. ஜப்பானியர்களுக்கு அடுத்தபடியாக அணுகுண்டால் அதிகம் இறந்தவர்கள் கொரியர்கள். கருத்துக்கணிப்புகளில் தடைகள் வந்தால், அமெரிக்கப் படை போய்விட்டால் என்று விலையையும் சேர்த்துக் கேட்கும்போது ஆதரவு சட்டென்று இறங்குகிறது. ஹப்சொனையும் சேர்த்துக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

வாசலில் நிற்பது

ஜப்பான் நெடுங்காலமாகச் செய்வது இது. குண்டு கிடையாது, செய்ய மாட்டோம் என்று 1967 முதல் கொள்கையும் உண்டு. ஆனால் 40 டன்னுக்கு மேல் பிரித்தெடுத்த புளூட்டோனியம் அதற்குச் சொந்தமாக இருக்கிறது, பெரும்பகுதி பிரிட்டனிலும் பிரான்ஸிலும் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு குண்டுக்கு 8 கிலோ என்பது சர்வதேச முகமையின் கணக்கு. யாரும் வெளியே சொல்லாவிட்டாலும் பெய்ஜிங்குக்கும் பியோங்யாங்குக்கும் அது தெரியும்.

தென் கொரியாவும் அந்த உரிமையைத்தான் கேட்டுவந்தது. அமெரிக்காவோடு 2015-ல் புதுப்பித்த அணுசக்தி ஒப்பந்தத்தின்படி, வாஷிங்டன் சம்மதம் இல்லாமல் செறிவூட்டவோ புளூட்டோனியம் பிரிக்கவோ முடியாது. 2025 அக்டோபரில் அதிபர் லீ ஜே மியுங்கும் டிரம்பும் கியோங்ஜுவில் சந்தித்தார்கள். நவம்பரில் வந்த கூட்டு அறிக்கையில், அணுசக்தியால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்டவும், அமைதிப் பயன்பாட்டுக்கான செறிவூட்டலையும் மறுசுத்திகரிப்பையும் (எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரிப்பதுதான் இது) நோக்கிப் போகவும் அமெரிக்கா ஆதரவு சொன்னது. இது பெரிய மாற்றம். அதே ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க எரிசக்தித் துறை தென் கொரியாவை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் சேர்த்திருந்தது என்பதையும் கூடவே நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழியில் நல்லது இருக்கிறது. உலைகளுக்கு வேண்டிய செறிவூட்டிய எரிபொருளுக்கு ரஷ்யா உட்பட வெளிநாடுகளை நம்பியிருப்பது குறையும், அது குண்டு பேச்சே இல்லாமல் நிற்கக்கூடிய காரணம். ஆபத்தும் இருக்கிறது. வாசலில் நிற்பவர் உள்ளே நுழையப் போகிறார் என்று எதிராளி பயந்தால் முந்திக்கொள்ளத் தோன்றும். 2000-ல் கொரிய விஞ்ஞானிகள் சிலர் முகமைக்குச் சொல்லாமல் லேசர் முறையில் 0.2 கிராம் யுரேனியத்தைச் செறிவூட்டியது 2004-ல் வெளியே வந்தபோது ஏற்பட்ட சங்கடம் சின்னதல்ல. ஆலை எவ்வளவு திறந்த கதவோடு நடக்கிறது என்பதில்தான் இந்த வழியின் மானமே இருக்கிறது. இரண்டு தொழில்நுட்பங்களில் செறிவூட்டல் மட்டும் போதும் என்பது என் எண்ணம். உலை எரிபொருளுக்கு அது நேரடியாகத் தேவை. புளூட்டோனியம் பிரிக்கும் ஆலைக்கு அப்படி ஒரு அவசரத் தேவை இல்லை. ஜப்பானின் ரொக்காஷோ ஆலை பல பத்தாண்டுகளாகப் பணத்தை விழுங்கிக்கொண்டு நிற்பதையும் பார்க்கிறோம்.

நான் சியோலில் இருந்தால்

குடையை வைத்துக்கொண்டு, ஆலோசனைக் குழுவைக் காகிதக் குழுவாக விடாமல் பயிற்சிகளிலும் இலக்குத் திட்டங்களிலும் பிடித்து இழுப்பேன். யோன்பியோங் மாதிரியான அடிக்கு அணுகுண்டுக்குக் கீழே பதில் வேண்டும், அதற்குத் தென் கொரியாவிடம் இன்றே பொருள் இருக்கிறது. ஏவுகணைத் தூரத்துக்கும் எடைக்கும் அமெரிக்கா போட்டிருந்த கட்டுப்பாடுகள் 2021 மே மாதம் நீங்கின. 2024 அக்டோபர் 1 ராணுவ அணிவகுப்பில் காட்டிய ஹியுன்மூ-5 ஏவுகணை, 8 டன் வரை சாதாரண வெடிமுனை சுமந்து நிலத்தடிப் பதுங்கு குழிகளைத் துளைக்கும் என்கிறார்கள். ஒரு தீவின் மேல் பீரங்கி சுட்டால் அந்தப் பீரங்கியையும் அதற்கு உத்தரவு கொடுத்த இடத்தையும் அன்றே அடிக்க முடியும் என்பது, நகரங்களைச் சாம்பலாக்குவோம் என்பதைவிட நம்பக்கூடிய மிரட்டல். நம்பினால்தான் கை அடங்கும். அதோடு சேர்த்து, சியோல் மக்களுக்கான பதுங்கிடங்கள், பீரங்கிக் குண்டுகளை மறிக்கும் அமைப்பு, கடல் எல்லைத் தீவுகளின் பாதுகாப்பு ஆகியவற்றுக்குத்தான் அடுத்த பணம் போக வேண்டும். குறைந்த அளவுச் செறிவூட்டல் ஆலையை ஆய்வாளர்களின் கண் முன்னால், முடிந்தால் வேறு நாடுகளையும் பங்காளியாக வைத்துக் கட்டலாம்.

என் முடிவு எந்த நிலையில் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா 1953 ஒப்பந்தத்தை முறித்து, 28,500 பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டால் முதல் வழியே இருக்காது. அப்போது எல்லா நெருக்கடிக்கும் நடுவில் சியோல் நான்காவது வழியைத் தேர்ந்தெடுத்தால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. படைகளின் எண்ணிக்கை குறைவது, செலவுப் பங்கில் பேரம், ஓர் அதிபரின் கடுமையான பேச்சு ஆகிய எதுவும் அந்த நிலை அல்ல. 1971-ல் 20,000 பேர் போனபோது பார்க் அதை அந்த நிலை என்று நினைத்தார். படை குறைந்தது, ஒப்பந்தம் நின்றது. கூட்டணி நிற்கும்வரை குண்டு செய்ய இறங்குவது, கூட்டணி உடைவதைச் சியோலே தன் கையால் தொடங்கிவைப்பதாகும்.